மின் பாய்லர் எத்தனை கிலோவாட் வாங்குவது? பிரிட்டனில் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கேஸ் இணைப்பு இல்லாத ஃப்ளாட்டில் இருக்கிறீர்கள், அல்லது கேஸ் பாய்லர் பழுதாகி அதை எடுத்துவிட்டு மின் பாய்லர் போடலாமா என்று யோசிக்கிறீர்கள் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். 4, 6, 9, 12, 14 கிலோவாட் என்று சந்தையில் வரிசையாக இருக்கிறது. எது வேண்டும் என்று யாரைக் கேட்டாலும் ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்வார். லண்டனில் என் இரண்டு படுக்கையறை ஃப்ளாட்டைப் பார்க்க வந்த ஒருவர் 14 என்றார். இன்னொருவர் 9 என்றார். எந்த அறையையும் இருவரும் அளக்கவில்லை. பழைய பாய்லரில் ஒட்டியிருந்த லேபிளைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். நான் உட்கார்ந்து கணக்குப் போட்டதில் 6 போதும் என்று வந்தது. அதைத்தான் மாட்டியிருக்கிறேன், குளிர்காலம் முழுக்க வீடு கதகதப்பாகவே இருந்தது.

பாய்லரின் அளவைத் தீர்மானிப்பவை இரண்டே விஷயங்கள். கடும் குளிர் நாளில் உங்கள் வீடு எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது என்பது ஒன்று. உங்கள் மெயின் ஃபியூஸ் எவ்வளவு தாங்கும் என்பது மற்றொன்று. இரண்டையும் நீங்களே தெரிந்துகொண்டால் யாரும் உங்கள் தலையில் பெரிய பெட்டியைக் கட்ட முடியாது.

1. முதலில், உங்களுக்கு மின் பாய்லர்தான் சரியா?

பணம் செலவழிக்கும் முன் இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். மின் பாய்லருக்கு விலை குறைவு, புகைக்குழாய் வேண்டாம், சத்தம் இல்லை, உள்ளே போகும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகிறது. ஆனால் ஒரு யூனிட் (ஒரு கிலோவாட்-மணி, பில்லில் kWh) மின்சாரம் 25 பென்ஸ் வாக்கில் இருக்கிறது, கேஸ் 6 பென்ஸ் வாக்கில். அதாவது அதே சூட்டுக்கு ஏறக்குறைய நான்கு மடங்கு காசு. விலை உச்சவரம்பை எரிசக்திக் கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்ஜெம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவதால் உங்கள் பில்லில் இருக்கும் விலையை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

சிறிய ஃப்ளாட், நல்ல ஜன்னல்கள், மேலும் கீழும் ஆள் குடியிருக்கும் வீடுகள், வெளியே ஹீட் பம்ப் (வெளிக்காற்றின் வெப்பத்தை வீட்டுக்குள் கொண்டுவரும் கருவி) வைக்க இடமில்லை என்றால் மின் பாய்லர் பொருந்தும். மூன்று படுக்கையறையும் தோட்டமும் உள்ள வீடு என்றால் முதலில் ஹீட் பம்ப் பற்றி விசாரியுங்கள். ஒரு யூனிட் மின்சாரத்தில் அது ஏறக்குறைய மூன்று யூனிட் வெப்பம் தரும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதற்கு 7,500 பவுண்டு அரசு மானியமும் உண்டு. அந்த மானியம் மின் பாய்லருக்குக் கிடையாது. "இதுவும் பசுமை ஹீட்டிங்தான், மானியம் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் அவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

வாடகைக்கு விட்டிருக்கும் வீடு என்றால் இன்னொரு கண்ணி இருக்கிறது. ஈ.பி.சி. எனும் எரிசக்தித் திறன் சான்றிதழின் தரம் பெரும்பாலும் வீட்டை நடத்தும் செலவை வைத்துப் போடப்படுவது. கேஸிலிருந்து மின் பாய்லருக்கு மாறினால் அந்தத் தரம் இறங்கலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொதுவாக ஈ தரத்துக்குக் கீழே உள்ள வீட்டை வாடகைக்கு விட முடியாது. ஈ.பி.சி. மதிப்பீட்டாளர் ஒருவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

2. பழைய பாய்லரின் எண்ணை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்

ரேடியேட்டரையும் குழாய்த் தண்ணீரையும் ஒரே பெட்டியில் சூடாக்கும் கேஸ் காம்பி பாய்லரில் 24, 28, 30 என்றெல்லாம் கிலோவாட் போட்டிருக்கும். அது வீட்டைச் சூடாக்கத் தேவைப்படும் அளவு இல்லை. ஷவரைத் திறந்த உடனே ஓடும் தண்ணீரைச் சூடாக்க வேண்டுமே, அதற்கான அளவு. அதே வீட்டின் ரேடியேட்டர்களுக்கு 4 அல்லது 5 கிலோவாட் போதுமாக இருக்கும். ஆக, "24 இருந்த இடத்தில் குறைந்தது 14 கிலோவாட்டாவது போடணும்" என்ற பேச்சுக்கு ஆதாரமே இல்லை.

3. கேஸ் பில்லை வைத்து ஒரு விரைவுக் கணக்கு

இப்போது கேஸில் ஹீட்டிங் ஓடுகிறது என்றால் உங்களிடம் ஏற்கெனவே நல்ல அளவுகோல் இருக்கிறது. பில்லில் ஓர் ஆண்டுக்கு எத்தனை யூனிட் செலவானது என்று போட்டிருக்கும். அந்த எண்ணை 2,900 ஆல் வகுங்கள். வருவது, கடும் குளிர் நாளில் உங்கள் வீட்டுக்குத் தேவையான கிலோவாட் அளவுக்கு அருகில் இருக்கும்.

11,500 யூனிட் என்றால் ஏறக்குறைய 4 கிலோவாட். 18,000 என்றால் 6.2. பாய்லரில் வீணாகும் கேஸ், குளிக்கும் தண்ணீருக்குப் போகும் கேஸ் எல்லாம் தோராயமாக இதற்குள் அடக்கம்.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. கேஸ் மீட்டரில் ஓடும் எண் யூனிட் இல்லை. புதிய மீட்டர்களில் அது கன மீட்டர். ஒரு கன மீட்டர் கேஸ் ஏறக்குறைய 11 யூனிட். மீட்டரைப் பார்த்து அப்படியே வகுத்தால் விடை தாறுமாறாக வரும். பில்லில் kWh என்று உள்ள யூனிட் எண்ணையே எடுங்கள். அடுத்தது, சிக்கனத்துக்காக ஒரே ஒரு அறையை மட்டும் சூடாக்கிக்கொண்டு, மற்ற அறைகளில் ஸ்வெட்டரோடு நடமாடும் குடும்பமாக நீங்கள் இருந்தால் இந்தக் கணக்கு பொய்யாகக் குறைத்துக் காட்டும். அப்படியானால் அடுத்த படியைத் தவறவிடாதீர்கள்.

4. அறை அறையாக அளந்து கணக்குப் போடுங்கள்

ஒரு சனிக்கிழமை மதியம் போதும். டேப், நோட்டு, கால்குலேட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். அரசு இணையதளத்தில் அஞ்சல் குறியீட்டைப் போட்டு உங்கள் ஈ.பி.சி.யை இறக்கிக்கொள்ளுங்கள், இலவசம்தான். அதில் தளப் பரப்பு, சுவர் வகை, லாஃப்ட் (கூரைக்கு அடியில் உள்ள பரண்) நிலவரம் எல்லாம் இருக்கும். ஆனால் மதிப்பீட்டாளர் அனுமானத்தில் எழுதியவையும் அதில் உண்டு, அதனால் நேரில் ஒருமுறை சரிபாருங்கள்.

சுவர் எந்த வகை என்பதைச் செங்கல்லைப் பார்த்தே சொல்லலாம். வெளிச்சுவரில் செங்கலின் நீளப் பக்கமும் சிறிய தலைப் பக்கமும் கலந்து தெரிந்தால் அது பெரும்பாலும் கெட்டிச் சுவர். எல்லாமே நீளப் பக்கமாகத் தெரிந்தால் நடுவில் இடைவெளி உள்ள இரட்டைச் சுவர்.

ஒவ்வொரு பரப்புக்கும் ஒரு யூ மதிப்பு உண்டு. உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருக்கும்போது ஒரு சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட் வெளியேறுகிறது என்பதே அது. தோராயமாக இவற்றை வைத்துக்கொள்ளலாம்:

கெட்டிச் செங்கல் சுவர் – 2
இடைவெளி நிரப்பாத இரட்டைச் சுவர் – 1.5
இடைவெளி நிரப்பிய இரட்டைச் சுவர் – 0.55
ஒற்றைக் கண்ணாடி ஜன்னல் – 4.8
பழைய இரட்டைக் கண்ணாடி – 2.8
புதிய இரட்டைக் கண்ணாடி – 1.4
ஒன்றுமே விரிக்காத லாஃப்ட் – 2.3
270 மில்லிமீட்டர் வெப்பக்காப்புக் கம்பளி விரித்த லாஃப்ட் – 0.16

காற்று வழியாகப் போகும் வெப்பம் தனி. அறையின் கன அளவை 0.33 ஆல் பெருக்கி, மணிக்கு எத்தனை முறை அறைக் காற்று மாறுகிறது என்ற எண்ணாலும் பெருக்க வேண்டும். வரவேற்பறைக்கு 1, சமையலறைக்கும் குளியலறைக்கும் 2 என்று வைக்கலாம். நம் சமையலறைகளில் தாளிக்கும்போது விசிறியும் ஓடும், ஜன்னலும் திறந்திருக்கும். அங்கே 2-க்குக் கீழே போகாதீர்கள்.

என் வரவேற்பறையை வைத்தே காட்டுகிறேன். நீளம் 4.5 மீட்டர், அகலம் 3.6, உயரம் 2.4. நீளப் பக்கச் சுவர் ஒன்றுதான் வெளியே பார்க்கிறது. அதன் பரப்பு 10.8 சதுர மீட்டர், அதில் ஜன்னல் 3.1, மீதிச் சுவர் 7.7.

சுவர்: 7.7 × 2 = 15.4
ஜன்னல்: 3.1 × 2.8 = 8.7
காற்று: 38.9 கன மீட்டர் × 0.33 × 1 = 12.8
மொத்தம்: ஒரு டிகிரிக்கு 36.9 வாட்

உள்ளே 21 டிகிரி வேண்டும், லண்டனில் கடும் குளிர் நாளுக்கு வெளியே மைனஸ் 3 என்று வைக்கிறேன். வித்தியாசம் 24. பெருக்கினால் 886 வாட், அதாவது ஒரு கிலோவாட்டுக்கும் குறைவு. மேலேயும் கீழேயும் பக்கங்களிலும் சூடான வீடுகள் இருப்பதால் கூரை, தரை, பொதுச் சுவர் எல்லாம் பூஜ்யம்.

இதே அறை மேல்மாடியில் இருந்து, லாஃப்ட்டில் ஒன்றுமே விரிக்காமல் இருந்தால்? கூரை 16.2 சதுர மீட்டர் × 2.3 × 24 என்று 894 வாட் கூடுகிறது. அறையின் தேவை இரண்டு மடங்கு ஆகிவிட்டது! 270 மில்லிமீட்டர் கம்பளி விரித்தால் அந்த 894 வெறும் 62 ஆக இறங்கும். அதனால்தான் சொல்கிறேன், லாஃப்ட்டுக்கு மேலே இருப்பது உங்கள் கூரை என்றால், பாய்லர் வாங்கும் முன் கம்பளி வாங்குங்கள். வரிசையை மாற்றிச் செய்தால் தேவையில்லாத அளவுக்குப் பெரிய பாய்லரும் அதற்கான கேபிளும் வீட்டில் உட்கார்ந்துவிடும்.

கடைக்கு மேலே குடியிருப்பவர்கள் தரையைப் பூஜ்யம் என்று போட வேண்டாம். கடையை இரவில் பூட்டிவிட்டுப் போனால் அங்கே 10 டிகிரிக்கு இறங்கிவிடலாம். மரத்தரைக்கு யூ மதிப்பு 1.5 என்று வைத்தால் இந்த அறையிலேயே 267 வாட் கூடும்.

மற்ற அறைகளுக்கும் இப்படியே. படுக்கையறைக்கு 18 டிகிரி, குளியலறைக்கு 22 என்பது இங்கே வழக்கம். ஆனால் ஊரிலிருந்து அம்மா அப்பா வந்து குளிர்காலத்தில் தங்குவார்கள் என்றால் அவர்கள் அறைக்கு 22 அல்லது 23 போடுங்கள். 18 டிகிரியில் படுத்து உறங்க அவர்களால் முடியாது. அறையைச் சூடாக்குவது நம் கடமை, கூடுதல் போர்வை கொடுத்துச் சமாளிப்பது இல்லை.

என் ஃப்ளாட் முழுவதும் கூட்டியதில் 3.1 கிலோவாட் வந்தது.

5. சுடுதண்ணீரைத் தனியாக யோசியுங்கள்

மின் காம்பி என்று ஒன்று விற்கிறார்கள்; தொட்டி வேண்டாம், ஒரே பெட்டியில் எல்லாம் முடிந்துவிடும் என்பார்கள். குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் 5 அல்லது 6 டிகிரியில் வரும். அதை 40-க்கு ஏற்ற வேண்டும். 12 கிலோவாட்டில் நிமிடத்துக்கு 5 லிட்டர்தான் அப்படிச் சூடாகும். பழைய 24 கிலோவாட் கேஸ் காம்பி ஏறக்குறைய 10 லிட்டர் தந்துகொண்டிருந்தது. நீளமான முடியை அந்த 5 லிட்டரில் அலசிப் பாருங்கள், தெரியும். லண்டன் தண்ணீரில் சுண்ணாம்பும் அதிகம். ஓடும் நீரைச் சூடாக்கும் கருவிகளில் அது படிந்துகொண்டே போகும்.

இடம் இருந்தால் தொட்டியே நல்லது. 150 லிட்டர் தொட்டியை 10 டிகிரியிலிருந்து 60-க்கு ஏற்ற 8.7 யூனிட் போதும். 3 கிலோவாட் இமர்ஷன் ஹீட்டரில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். இரவில் மலிவாக மின்சாரம் தரும் எகானமி 7 போன்ற திட்டம் இருந்தால் தூங்கும் நேரத்தில் சூடேற்றி வைத்துவிடலாம். ஹீட்டிங்குக்கு அந்த வசதி இல்லை, பகலில் வேண்டிய சூட்டைப் பகல் விலையில்தான் வாங்க வேண்டும். தண்ணீருக்கு உண்டு. தொட்டி தனியாக இருந்தால் பாய்லரின் அளவில் தண்ணீரைச் சேர்க்கவே வேண்டாம்.

மெயின் தண்ணீர்க் குழாயின் அழுத்தத்தில் இயங்கும் மூடிய தொட்டியை ஜி3 தகுதி பெற்றவர்தான் பொருத்த வேண்டும். அந்த அட்டையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

6. மெயின் ஃபியூஸ்: பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம்

தெருவிலிருந்து வரும் கேபிள் முடியும் இடத்தில், மீட்டருக்குக் கீழே, சீல் வைத்த ஒரு பெட்டி இருக்கும். அதற்குள்தான் மெயின் ஃபியூஸ். 60, 80 அல்லது 100 ஆம்பாக இருக்கலாம். 230 வோல்ட்டில் 60 ஆம்ப் என்றால் மொத்தம் 13.8 கிலோவாட், 100 ஆம்ப் என்றால் 23.

பெட்டியின் மேலே 100 என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து நம்பிவிடாதீர்கள். அந்தப் பெட்டி அதிகபட்சம் தாங்கும் அளவு அது. உள்ளே 60 ஆம்ப் ஃபியூஸ் இருக்கலாம். சீலை உடைத்துப் பார்க்க உங்களுக்கும் உரிமை இல்லை, உங்கள் எலக்ட்ரீஷியனுக்கும் இல்லை. உயிர் போகும் ஆபத்தும் உண்டு.

யாரிடம் கேட்பது? பில் அனுப்பும் நிறுவனத்திடம் அல்ல. இதில்தான் வாரக்கணக்கில் அலைக்கழிவார்கள். மீட்டர், பில் அனுப்பும் நிறுவனத்தின் பொறுப்பு. அதற்கு முன்னால் உள்ள ஃபியூஸும் கேபிளும் அந்தப் பகுதியின் விநியோக நிறுவனத்துடையவை. மீட்டருக்குப் பிறகு இருப்பதெல்லாம் உங்களுடையது. லண்டனின் பெரும்பகுதிக்கு யூ.கே. பவர் நெட்வொர்க்ஸ், மேற்கு லண்டனில் சில பகுதிகளுக்கு ஸ்காட்டிஷ் அண்ட் சதர்ன். உங்களுக்கு எது என்று தெரியாவிட்டால் 105-ஐ இலவசமாக அழையுங்கள், உங்கள் பகுதி நிறுவனத்துக்கே இணைப்பு போகும். மீட்டர் அலமாரியைத் தெளிவாகப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், விண்ணப்பத்தில் கேட்பார்கள்.

இப்போது சுமைக் கணக்கு. கிலோவாட்டை 1000 ஆல் பெருக்கி 230 ஆல் வகுத்தால் ஆம்ப்.

6 கிலோவாட் பாய்லர் – 26 ஆம்ப்
9 கிலோவாட் – 39
12 கிலோவாட் – 52
9.5 கிலோவாட் மின் ஷவர் – 41
கெட்டில், இமர்ஷன் – தலா 13
வீட்டு கார் சார்ஜர் – 32

ஒரு ஜனவரி காலை ஏழு மணியை நினைத்துக்கொள்ளுங்கள். ஹீட்டிங் முழு வேகத்தில், ஒருவர் மின் ஷவரில், அடுப்பில் ஒரு பக்கம் இட்லி, ஒரு பக்கம் சாம்பார், கெட்டிலில் தேநீருக்குத் தண்ணீர். அடுப்புக்கு 16 ஆம்ப் என்று வைத்தாலே 26 + 41 + 16 + 13 = 96. அதுவும் 6 கிலோவாட் பாய்லரோடு. 12 என்றால் 122 ஆம்ப். ஃபியூஸ் சட்டென்று எரிந்துவிடாது, சிறிது நேரம் தாங்கும். ஆனால் பாய்லர் கெட்டில் மாதிரி மூன்று நிமிடத்தில் நிற்கும் பொருள் இல்லை. குளிர் நாளில் மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் எலக்ட்ரீஷியன் சுமையைக் கணக்கிடும்போது பாய்லரை முழு அளவில் சேர்க்கிறாரா என்று பாருங்கள்.

ஃபியூஸ் போதவில்லை என்றால் வழிகள் உண்டு. மின் ஷவரை எடுத்துவிட்டுத் தொட்டித் தண்ணீரில் இயங்கும் ஷவர் வைப்பது எல்லாவற்றிலும் பலன் தருவது. ஒரேயடியாக 41 ஆம்ப் குறைகிறது. மெயின் கேபிளில் உணரி மாட்டி, வீட்டுச் சுமை ஏறும்போது தானாகக் குறைந்துகொள்ளும் பாய்லர்களும் உண்டு. மூன்றாவது, ஃபியூஸைப் பெரிதாக்கச் சொல்லி விநியோக நிறுவனத்திடம் விண்ணப்பிப்பது. கேபிள் தாங்கும் என்றால் பல இடங்களில் கட்டணமில்லாமலே மாற்றுகிறார்கள். பழைய வரிசை வீடுகளில் ஒரே கேபிள் உங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பகிர்ந்து போயிருக்கும். அப்படியானால் முதலில் அதைப் பிரிக்க வேண்டும், தெருவைத் தோண்ட வேண்டி வரலாம், மாதக்கணக்கில் இழுக்கும். பாய்லருக்கு முன்பணம் கட்டும் முன் இதற்குப் பதில் எழுத்தில் வந்திருக்க வேண்டும்.

7. ரேடியேட்டர்கள்

பழையவையே பெரும்பாலும் போதும். வாங்கும்போது சொல்லும் வெப்ப அளவு, ரேடியேட்டர் அறையைவிட 50 டிகிரி கூடுதல் சூட்டில் இருக்கும்போது கிடைப்பது. 30 டிகிரிதான் கூடுதல் என்றால் அதில் பாதிதான் வரும். பிரிட்டிஷ் வெப்ப அலகில் (BTU) எழுதியிருந்தால் 3,412 ஆல் வகுத்துக் கிலோவாட்டாக்குங்கள். குழாய்களைக் கழுவி, துருத் தடுப்பு மருந்து ஊற்றி, காந்த வடிகட்டி வைப்பதை விலைப்பட்டியலில் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். பழைய ரேடியேட்டரில் கிடக்கும் கறுப்புச் சேறு புதிய பாய்லருக்குள் போனால் உத்தரவாதத்தையே மறுத்துவிடுவார்கள்.

8. சரி, எந்த அளவு?

அறைக் கணக்கில் வந்ததோடு 15 முதல் 20 சதவீதம் சேர்த்து, அதற்கு அடுத்த அளவை வாங்குங்கள். எனக்கு 3.1, சேர்த்தால் 3.7. அடுத்தது 4. அது மயிரிழையில் போதும். வெளியூர் போய்விட்டுக் குளிர்ந்து கிடக்கும் வீட்டுக்குத் திரும்பினால் சூடேற நெடுநேரம் ஆகும். ஃபியூஸ் இடம் கொடுத்ததால் 6 எடுத்தேன். கேஸ் பில் கணக்கும் அறைக் கணக்கும் ஒரு கிலோவாட்டுக்குள் ஒத்துப் போனால் நம்பலாம். ஒன்று 4, மற்றது 8 என்று வந்தால் எங்கோ அளவு தவறியிருக்கிறது. முதலில் கூரையைச் சரிபாருங்கள்.

பலரைக் குழப்பும் ஒரு விஷயம். சிறிய பாய்லர் வாங்கினால் பில் குறையாது, பெரியது வாங்கினால் பில் ஏறவும் செய்யாது. 3 கிலோவாட் வெப்பத்தை இழக்கும் வீட்டுக்கு அந்த 3 கிலோவாட்டைத்தான் எந்தப் பாய்லரும் கொடுக்கப் போகிறது. பில்லைத் தீர்மானிப்பது சுவரும் கூரையும் நீங்கள் வைக்கும் டிகிரியும்தான். பெரிய பாய்லரால் வரும் செலவு வேறு: தடித்த கேபிள், ஃபியூஸ் மாற்றம், பாய்லரின் கூடுதல் விலை. சிறியதால் வரும் கஷ்டமும் வேறு: நாள் முழுக்க ஓடியும் வீடு 17 டிகிரியைத் தாண்டாது.

என் கணக்குப்படி 12-க்கு மேல் கேட்கும் வீட்டுக்கு, ஒற்றை ஃபேஸ் இணைப்பில், மின் பாய்லர் போடவே கூடாது. 9 வரும் வீட்டுக்காரர்கள்கூடப் பணத்தைக் கம்பளியிலும் ஜன்னலிலும் போட்டுவிட்டு மறுபடி கணக்குப் போடலாம். ஆண்டுக்கு 7,000 யூனிட் வெப்பம் வேண்டும் சிறு ஃப்ளாட்டுக்கு, தண்ணீரையும் சேர்த்து, 1,750 பவுண்டு ஆகிறது. 15,000 யூனிட் வேண்டும் வீட்டுக்கு 3,750. அதை ஆண்டுதோறும் கட்ட வேண்டும்.

9. விலை கேட்பது

பாய்லர் மட்டும் பெரும்பாலும் 1,000 முதல் 2,500 பவுண்டுக்குள். தொட்டி, அதைப் பொருத்தும் கூலி, புதிய கேபிள், மின்பலகையில் புதிய சுற்று, பழைய கேஸ் பாய்லரை அகற்றுவது எல்லாம் சேர்ந்தால் பாய்லர் விலையைவிட வேலையின் விலை கூடிவிடும். அதனால் மொத்தத் தொகையை மட்டும் வாங்காமல் வரி வரியாக எழுதி வாங்குங்கள். கேபிள் எந்தப் பருமன், எந்த வழியாகப் போகிறது, சுவரை யார் பூசிக் கொடுப்பது என்பதும் அதில் இருக்கட்டும்.

வருபவரிடம் உங்கள் கணக்கை முதலில் காட்டாதீர்கள். "எத்தனை கிலோவாட் வேண்டும், எப்படி அந்த எண் வந்தது?" என்று கேளுங்கள். அறைகளை அளப்பவரையும் மீட்டர் அலமாரியைத் திறந்து பார்ப்பவரையும் நம்பலாம். "வழக்கமா இதுதான் போடுவோம்" என்பவருக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

கேஸ் பாய்லரைக் கழற்றிக் குழாயை அடைப்பது கேஸ் சேஃப் பதிவு உள்ளவர் மட்டுமே செய்யக்கூடிய வேலை. தோசைக்குக் கேஸ் அடுப்புதான் வேண்டும் என்று அடுப்பை மட்டும் வைத்துக்கொண்டால் கேஸின் தினசரி நிலைக்கட்டணம் தொடரும். அது ஆண்டுக்கு நூறு பவுண்டுக்கு மேல். முழுவதும் விடுவதென்றால் மீட்டரை எடுத்துவிடச் சொல்லிக் கேஸ் நிறுவனத்துக்கு எழுத வேண்டும்; நீங்கள் கேட்காமல் அவர்களாக நிறுத்த மாட்டார்கள்.

10. காகிதங்களும் காலமும்

லீஸ்ஹோல்ட் ஃப்ளாட் என்றால் நிலத்தின் உரிமையாளரிடமோ நிர்வாக நிறுவனத்திடமோ எழுத்தில் அனுமதி வேண்டுமா என்று லீஸைப் பாருங்கள். இதற்கே இரண்டு மூன்று மாதம் ஆகலாம், கட்டணமும் கேட்பார்கள். வாடகைக்கு இருப்பவர்கள் உரிமையாளரின் அனுமதியை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள், வாய்வார்த்தை உதவாது.

இங்கிலாந்தில் புதிய மின்சுற்று போடுவது கட்டட விதிகளின்படி அறிவிக்க வேண்டிய வேலை. நைசெக், நாப்பிட் போன்ற அமைப்புகளில் பதிவுள்ள எலக்ட்ரீஷியன் என்றால் அவரே அறிவித்துவிடுவார். வேலை முடிந்ததும் மின் நிறுவல் சான்றிதழ் தருவார். கட்டட விதி இணக்கச் சான்றிதழ் பிறகு வரும். மூடிய தொட்டிக்கும் தனிச் சான்றிதழ் உண்டு. நாளை வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வழக்கறிஞர் முதலில் கேட்பது இவற்றைத்தான். கடைசித் தவணையைச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகு கொடுப்பதாக ஆரம்பத்திலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

பாய்லரின் உத்தரவாதத்தை இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். பல நிறுவனங்கள் அதற்கு 30 நாள்தான் தருகின்றன. கையேட்டின் பின்பக்கம் இருக்கும் இயக்கத் தொடக்கப் படிவத்தில் பொருத்தியவரின் கையெழுத்தும் தேதியும் இல்லாவிட்டால் பிறகு பழுதுபார்க்க வர மறுப்பார்கள்.

அக்டோபரில் ஆரம்பித்தால் டிசம்பரில் குளிரில் உட்கார்ந்திருப்பீர்கள். ஏப்ரலில் அளந்து கணக்குப் போட்டு, மே மாதம் ஃபியூஸ் விண்ணப்பமும் லீஸ் அனுமதியும் அனுப்பி, கோடையில் ஆள் பிடித்து, ஆகஸ்டுக்குள் பொருத்தி முடிப்பது நல்லது. பழைய பாய்லர் எவ்வளவு மோசமாக ஓடினாலும் விநியோக நிறுவனத்தின் பதில் வரும்வரை அதைக் கழற்ற விடாதீர்கள். புதியதைப் பொருத்திய அன்றே எல்லா ரேடியேட்டரையும் திறந்து, பாய்லரை முழு அளவில் ஒரு மணி நேரமாவது ஓட்டச் சொல்லி, மின்பலகையில் போகும் ஆம்பை அளந்து காட்டச் சொல்லுங்கள். 6 கிலோவாட்டுக்கு 26-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். 17 என்று காட்டினால் உள்ளே அளவைக் குறைத்து வைத்திருக்கிறார்கள் அல்லது சூடேற்றும் சுருள் ஒன்று வேலை செய்யவில்லை. அவர் வேனில் ஏறும் முன் சரி செய்துவிட்டுப் போகட்டும்.